கரை இல்லாத கன்று

ஜீப் பெரியகானல் வளைவில் திரும்பியபோது என் மடியில் இருந்த மண்தொட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. இரண்டு கையாலும் இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அதில் இருந்த செடியின் இலைகள் வாள் மாதிரி நிமிர்ந்து ஜீப்பின் தார்ப்பாய்க் கூரையை உரசிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு குழிக்கும் சர்ர் என்று ஒரு சத்தம்.

"அந்த வாளைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிம்மா. பின்னாடி இருக்கவர் கண்ணு போயிரும்" என்றார் டிரைவர்.

பின்னால் இருந்தவர் என் அப்பா. "கண்ணு போனாப் போவுது. நீ தொட்டியை விட்ராத" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடிந்து, கோயிலுக்குக் கட்டின அதே சேலையோடு அப்பாவுடன் மூணாறில் ஜீப் ஏறியிருந்தேன். போகிற இடம் சாந்தன்பாறை. என்னை மருமகளாக எடுப்பதாகச் சொல்லியிருந்த வீடு அங்கே இருந்தது. சொன்ன சொல்லை இப்போது அந்த வீடு யோசித்துக்கொண்டிருந்தது. யோசிக்க வைத்தது என் மடியில் இருந்த இந்தச் செடி.

காலையில் தோட்டத்து ஆட்களைக் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்லக்கூட எனக்குத் தொண்டை அடைக்கும் என்று இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். அப்படிப்பட்டவள் மாப்பிள்ளை வீட்டுக்குத் தானாகவே கிளம்பிப் போனாள் என்றால், படிக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். எழுதும்போது எனக்கே கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

தூக்கிப் போடச் சொன்ன தொட்டி

அந்தச் செடி எங்கள் வீட்டுக்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில் என்று நினைக்கிறேன். அப்பா அப்போது பங்களாத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். எஸ்டேட் மேனேஜரான துரை மாற்றலாகிப் போனார். சாமான்களை லாரியில் ஏற்றியபோது வராந்தாவில் இருந்த பூந்தொட்டிகளையெல்லாம் ஏற்றினார்கள். இந்த ஒன்றை மட்டும் துரைசாணி தள்ளி வைத்து, "இதைத் தூக்கிப் போட்டுரு" என்றாராம்.

அப்பா தூக்கினார். போடவில்லை. சாக்கில் சுற்றி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அம்மாவுக்குக் கோபம். "பூக்காத செடியைக் கொண்டாந்து சன்னல்ல வச்சிருக்கிய. திங்கவா, தலைல வைக்கவா?"

"பாக்கத்தான்" என்றார் அப்பா.

பெயர் யாருக்கும் தெரியாது. தடித்த இலை, பூமியிலிருந்து நேரே எழும்பி நிற்கும். நடுவில் கரும்பச்சையும் சாம்பல் பச்சையும் வரிவரியாக ஓடும். இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழ்வரை மஞ்சள் கரை. நல்ல பட்டுச்சேலைக்குப் போட்ட மாதிரி. அதனால் நாங்கள் கரைச்செடி என்றோம். பாம்புக் கற்றாழை என்ற பெயரெல்லாம் எனக்கு ரொம்பப் பிற்பாடு தெரிந்ததுதான்.

லயத்து வீடு எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, நடுவே ஒரு சின்னச் சன்னல். புகைக்கு வெளியே போக வழி தெரியாது. மழை மாதங்களில் வெளிச்சம் என்பது வெளியே இருக்கிற சமாசாரம். ஜெரேனியம், பிகோனியா என்று எதை உள்ளே வைத்தாலும் சோர்ந்து போகும். இது மட்டும் ஒன்றும் கேட்காமல் நின்றது. வாரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். மறந்துபோனால் அதுவும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஈரத்துணியால் இலையைத் துடைப்பேன். துணியில் கரி வரும், இலையில் கரை பளிச்சென்று எழும்பும்.

கொஞ்ச நாளில் அம்மாவே வருகிறவர்களிடம், "துரை பங்களாச் செடியாக்கும்" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

என் கைக்கு ஒரு பெயர் இருந்தது

நான் தேயிலை நர்சரியில் வேலை பார்த்தேன். கொழுந்து எடுக்கப் போகிறவர்களுக்கு மழை, அட்டை, செங்குத்தான மலை. எங்களுக்குப் பந்தலுக்குக் கீழே நிழலில் வேலை. அதனால் மற்றப் பெண்களுக்கு எங்கள்மேல் கொஞ்சம் பொறாமை.

வேலை இதுதான். நல்ல தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும், அதற்குக் கீழே சின்ன விரலளவு தண்டுமாக நறுக்க வேண்டும். மண் நிறைத்த பாலிதீன் பையில் அதைக் குத்தி வைக்க வேண்டும். மேலே பாலிதீன் தாளால் கூடாரம் போட்டு, உள்ளே எப்போதும் ஈரமாக இருக்கும்படி தண்ணீர் தெளிக்க வேண்டும். மாதங்கள் போனால் இலைக்காம்பில் ஒரு மொட்டு கண் திறக்கும். அது ஒரு தேயிலைச் செடி.

நான் வைத்தது அநேகமாகப் பட்டுப்போகாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சூப்பர்வைசரே நல்ல ரகமாக வந்தால், "அதை ரஞ்சிதத்துக்கிட்ட குடு" என்பார். வாய் பேசாததற்கெல்லாம் சேர்த்துக் கை பேசியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்து பை நிறைக்கிறவள் பாக்கியம். அவளுக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யும். "ஏட்டி, உன்னை ஒருத்தன் கட்டிட்டுப் போனா அவன் வீட்ல செடிதான் நெறைய இருக்கும். பேச்சு ஒண்ணும் இருக்காது" என்பாள்.

நர்சரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. விதையில் வந்தால் எப்படி வேண்டுமானாலும் வரும். இலையில் வந்தால் தாய் எப்படியோ பிள்ளை அப்படியே. இதை வேதவசனம் மாதிரி நான் நம்பியிருந்தேன். தேயிலைக்கு அது சரிதான்.

ஒரு கன்று கேட்டார்கள்

ஈஸ்டர் முடிந்த ஒரு நாள் சாந்தன்பாறையிலிருந்து என்னைப் பார்க்க வந்தார்கள். எஸ்தரம்மா, அவர் மகன் ஆசீர், கூட அவர்கள் சபையின் உபதேசியார். எஸ்தரம்மா கணவரை இழந்தவர். ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. அவர்கள் பூர்வீகம் போடிப் பக்கம். எங்களுக்குத் திருநெல்வேலிச் சீமை. நாங்கள் "வந்திய, இருக்கிய" என்று பேசினால் அவர்களுக்குச் சிரிப்பு வரும்.

தேநீர் கொடுக்கப் போனேன். எஸ்தரம்மா என்னிடம் பெயர் கேட்டார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அம்மா சொன்னாள். எதுவரை படித்தாய் என்றார். அப்பா சொன்னார். பாட்டுப் பாடுவாயா என்றார். அதற்கு யாருமே பதில் சொல்லவில்லை.

ஆசீர் தலையைத் தூக்காமல் இருந்தார். போகிற நேரத்தில் சன்னல் பக்கம் குனிந்து செடியைப் பார்த்தார். ஓர் இலையின் நுனி சன்னல் கம்பியில் மாட்டி மடங்கியிருந்தது. அதை மெல்ல எடுத்து விட்டார். "இதுக்குத் தண்ணி எவ்வளவுங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அது ஒன்று எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. அதற்கும் அம்மாதான் பதில் சொன்னாள்.

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இலையை அவர் உடைக்காமல் எடுத்த விதம் கண்ணிலேயே நின்றது. இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று மனசுக்குள் கெட்டியாக ஆசைப்பட்டேன். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. பாக்கியத்துக்கு மட்டும் தெரியும், நான் சொல்லாமலே.

மலையில் ஒரு பழக்கம். ஒரு வீட்டுக்கு வந்தவர்கள் போகும்போது ஒரு கொம்பாவது கிழங்காவது கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். கேட்காமல் போனால் மனசில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். எஸ்தரம்மா படி இறங்கும்போது கரைச்செடியைக் கை காட்டினார்.

"அண்ணே, அதுல ஒரு கன்னு வேணும். கரை போட்ட செடி நான் பார்த்ததே இல்ல. பொண்ணு பிடிச்சிருக்கு. வீட்டுக்காரர் போயி வருசம் திரும்பலை. அடுத்த ஈஸ்டர் கழிச்சு வச்சுக்கிடுவோம். அதுக்குள்ள கன்னு பிடிச்சுக் குடுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். பேச்சில்தான் தயங்குவேன். இதிலெல்லாம் எனக்கு என்ன தயக்கம்?

தேயிலைக்காரி செய்த வேலை

மறுநாளே நன்றாக முற்றிய ஓர் இலையை அடியோடு வெட்டினேன். நாலு விரல் அகலத்துக்குத் துண்டு துண்டாக நறுக்கினேன். எது மேல், எது கீழ் என்று மாறிவிடக் கூடாது. தலைகீழாக வைத்தால் வேர் விடாது. அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் கீழ்ப்பக்க மூலையைக் கொஞ்சம் கிள்ளி விட்டேன். பையில் நர்சரி மண் நிறைத்து நட்டு, பாலிதீன் மூடி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன்.

எல்லாம் அழுகிப்போயின. தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தன. அடுப்படி முழுக்க நாற்றம்.

"கல்யாணம் ஆவுத வீட்ல என்னட்டி இது செத்த எலி நாத்தம்?" என்று அம்மா கத்தினாள்.

எனக்குப் பயம் வரவில்லை. செடி என்ன சொல்லுகிறது என்று பார்த்தேன். ஈரம் வேண்டாம் என்று சொல்லுகிறது. சரி என்று அடுத்த இலையை வெட்டினேன். துண்டுகளைப் பழைய துணியில் பரப்பி, வெட்டு வாய் தோல் மாதிரி காயும்வரை அடுப்படிப் பரணில் வைத்தேன். மண்ணில் பாதிக்கு ஆற்று மணல் கலந்தேன். மூடவில்லை. மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர், அதுவும் கொஞ்சம். குளிரில் வேர் விடத் தாமதமாகும் என்று, அடுப்புக்குப் பின்சுவர் ஓரம் வெதுவெதுப்பான இடத்தில் வரிசையாக வைத்தேன். விறகு எரிகிற நேரமெல்லாம் அவற்றுக்கும் சூடு போகும்.

மழைக்காலம் முழுக்க ஒன்றும் தெரியவில்லை. துண்டுகள் அப்படியே நின்றன. வாடவும் இல்லை, வளரவும் இல்லை. ஒன்றை லேசாக இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது துண்டின் அடியில் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு முளை வந்தது. பிறகு இன்னொரு பையில். பிறகு எல்லாப் பையிலும். கூராக, உருண்டையாக, பென்சில் நுனி மாதிரி.

முளையில் கரை இல்லை. பார்த்தேன்தான். தேயிலையில் கொழுந்து ஒரு நிறம், முற்றிய இலை வேறொரு நிறம். வளர வளரக் கரை வரும் என்று நினைத்துக்கொண்டேன். தாய் எப்படியோ பிள்ளை அப்படி.

கிறிஸ்துமஸுக்கு அப்பா சாந்தன்பாறை போனார். நன்றாக வந்த ஒன்றைச் சின்னத் தொட்டிக்கு மாற்றிக் கொடுத்தேன். முளைக்குப் பக்கத்தில் பழைய இலைத்துண்டு காய்ந்த நுனியோடு அசிங்கமாக நின்றது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அதை மண்ணோடு மட்டமாக வெட்டிவிட்டேன்.

வெறும் பச்சை

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்கள் வந்தன. எங்கள் பக்கம் அந்த நாட்களில் கல்யாணம் வைக்க மாட்டோம். ஆனால் ஈஸ்டர் கழிந்தவுடன் கல்யாணம் என்றால் கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சபைக்கு அறிவிப்பது. தேதி பேசிவர அப்பா மறுபடி சாந்தன்பாறை போனார்.

திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"ஓலை இப்ப வேண்டாங்காவ."

"எதுக்காம்?" என்றாள் அம்மா.

"செடியாம்."

அம்மாவுக்கு விளங்கவில்லை. அப்பா சொன்னார். எஸ்தரம்மா வெளியே கொண்டுபோய் அந்தச் சின்னத் தொட்டியைக் காட்டினாராம். இலை ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. சுத்தமான பச்சை. ஒரு நூல் கரை இல்லை. "அண்ணே, காட்டுனது கரை போட்டது. குடுத்தது வெறும் பச்சை. செடியிலயே மாத்திக் குடுத்தா நான் மத்ததை எப்படி நம்ப?" என்று கேட்டாராம்.

"மத்ததுன்னா?"

அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார். "பிள்ளை அன்னைக்கு வாயே திறக்கலைலா. ஊமையோ, இல்ல வேற எதையும் மறைக்கியளோன்னு அங்க பேச்சு இருக்காம்."

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

எஸ்தரம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய மூத்த மகளைக் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளைக்கு ஃபாக்டரியில் நிரந்தர வேலை என்று சொன்னார்களாம். கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, அவனுக்கு எந்த வேலையும் இல்லை. மகள் இப்போது தாய் வீட்டுக்கும் புருஷன் வீட்டுக்கும் நடுவே அலைகிறாள். ஒரு தடவை காட்டியது ஒன்றும் கொடுத்தது ஒன்றுமாகப் பட்டவர், இன்னொரு தடவை உஷாராகத்தானே இருப்பார்?

ஆனால் நாங்கள் ஏமாற்றவில்லை. அந்தக் கன்று எங்கள் சன்னல் செடியின் பிள்ளைதான். நானே வெட்டினேன், நானே நட்டேன். பிறகு கரை எங்கே போயிற்று?

நர்சரியில் பாக்கியம், "கரையை எலி தின்னுருக்கும்" என்றாள். நான் சிரிக்கவில்லை என்றதும் அவளும் குனிந்து மடமடவென்று பை நிறைக்க ஆரம்பித்தாள். அவள் கை வேலை செய்ததை அன்றுதான் பார்த்தேன்.

கரண்டியால் தோண்டினேன்

அடுப்புக்குப் பின்னால் இருந்த பைகளையெல்லாம் வாசலில் கொண்டுவந்து வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் பழைய துண்டு நிற்கிறது, அதில் மஞ்சள் கரை இருக்கிறது. பக்கத்தில் அதற்குப் பிறந்த பிள்ளை நிற்கிறது, வெறும் பச்சை. ஒன்றில்கூட மாற்றம் இல்லை.

பிறகு சன்னல் தொட்டியை இறக்கினேன். தொட்டியின் விளிம்பு ஓரமாக ஒரு புது முளை வந்திருந்தது. யாரும் வைக்காமல் தானாக வந்தது. கட்டைவிரல் உயரம்தான். அந்தப் பருவத்திலேயே அதன் இரண்டு பக்கமும் மஞ்சள் கரை.

அம்மாவின் கரண்டியை எடுத்து அதைச் சுற்றி மண்ணைத் தோண்டினேன். முளைக்கு அடியில் விரல் பருமனில், மஞ்சள் கிழங்கு நிறத்தில் ஒரு தண்டு மண்ணுக்குள்ளேயே படுத்து ஓடிப் பெரிய செடியின் அடியில் போய்ச் சேர்ந்தது.

அவ்வளவுதான். தெரிந்துவிட்டது. மண்ணுக்குள் இருக்கிற தண்டிலிருந்து வந்தால் கரையோடு வரும். இலையை வெட்டி வைத்தால் செடி வரும், கரை வராது. ஏன் என்று அன்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்படித்தான் என்பதில் சந்தேகமே இல்லை. என் கண் முன்னால் இரண்டும் நின்றன.

தேயிலைப் பாடத்தைக் கொண்டுபோய் இதன்மேல் வைத்தேன். இது தேயிலை இல்லை.

"அப்பா, நானும் வாரேன். இந்தத் தொட்டியையும் கொண்டுபோவணும்" என்றேன்.

அம்மா கரண்டியைப் பிடுங்கினாள். "பொம்பளப்பிள்ள தானா மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாளா? ஊரு கைகொட்டிச் சிரிக்கும்."

"இப்ப மட்டும் என்ன செய்யுதாவ?" என்றார் அப்பா.

பாக்கியத்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. சனிக்கிழமை வேலை முடிந்து போகும்போது காதருகே வந்து, "கல்யாணத்துக்கு முந்தியே மறுவீடாட்டி?" என்றாள். பிறகு தலையிலிருந்த பூவை எடுத்து என் கையில் வைத்துவிட்டு ஓடிப்போனாள்.

வாக்கத்தி

சாந்தன்பாறையில் ஜீப்பிலிருந்து இறங்கி ஏலக்காட்டுப் பாதையில் நடந்தோம். தொட்டியை நான் சுமந்தேன். அப்பா கைப்பையில் ஒரு பாலிதீன் பை நாற்றும் இருந்தது. பழைய துண்டும் பச்சைக் கன்றும் சேர்ந்து நிற்கிற நாற்று.

எஸ்தரம்மா வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முறம் நின்றது. என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார்.

"வாங்கண்ணே. என்ன, பொண்ணையும் கூட்டிட்டு வந்துட்டீக?"

"அவதான் வாரேன்னா தங்கச்சி."

"வாரேன்னு சொன்னாளா? வாயைத் திறந்தா?"

நான் தொட்டியை இறக்கி வைத்தேன். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெண் துணி பிழிவதுபோல நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிழிய அதில் தண்ணீரே இல்லை.

நான் கொடுத்த கன்று வீட்டுக்கு வெளியே, கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் கிடந்தது. நேரே போய் அதை எடுத்தேன். தொட்டியைக் கவிழ்த்துத் தட்டி, கன்றை மண்ணோடு வெளியே எடுத்தேன். வாளித் தண்ணீரில் முக்கி அலசினேன்.

"ஏத்தா, என்ன செய்யிற?" என்று எஸ்தரம்மா எழுந்து வந்தார்.

மண் கரைந்ததும் அடியில் அது தெரிந்தது. நான் மட்டமாக வெட்டின பழைய இலையின் அடித்துண்டு. மண்ணுக்குள்ளே கெட்டியாக இருந்தது. பச்சைக் கன்று அதிலிருந்துதான் கிளம்பியிருந்தது. துண்டின் இரண்டு ஓரத்திலும் வெளிறிப்போன மஞ்சள் கரை.

"பாருங்க அத்தை. கரை" என்றேன்.

சத்தம் வந்துவிட்டது. வந்ததும் நிற்கவில்லை.

"இது எங்க சன்னல் செடியோட இலைதான். நான் வெட்டி நட்டது. இலையில இருந்து வந்தா பச்சையாத்தான் வரும், எத்தனை நட்டாலும். எனக்கு அது தெரியாது. தேயிலை மாதிரின்னு நெனச்சேன். அப்பா, அந்தப் பையைக் காட்டுங்க. இதுலயும் பாருங்க, பழசுல கரை இருக்கு, புதுசுல இல்ல. கரையோட வேணும்னா இலையை வெட்டக் கூடாது. செடியையே பிரிக்கணும். அதான் தொட்டியோட கொண்டாந்தேன்."

எஸ்தரம்மா குனிந்தார். துண்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பை நாற்றை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"பொண்ணுக்கு வாய் இருக்கேண்ணே!"

"செடியைப் பத்தின்னா இருக்கும்" என்றார் அப்பா.

நான் பெரிய தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, விளிம்பைத் தட்டினேன். வேரும் மண்ணும் தொட்டி வடிவத்திலேயே கட்டியாக வந்தது. உள்ளே அந்த மஞ்சள் தண்டுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எங்கே பிரிப்பது என்று விரலால் தேடினேன்.

எஸ்தரம்மா அதைப் பார்த்ததும் அவர் முகமே மாறியது.

"அட, இது ஏலத்தட்டை மாதிரில்ல இருக்கு! அடியில கிழங்கு ஓடி, பக்கத்துல தட்டை கிளம்புது. இதைப் போயி இலையை நறுக்கி நட்டியா? ஏலத்துக்கு எவனாச்சும் இலையை நடுவானா?"

"தேயிலைல இலையைத்தான் நடுதோம்" என்றார் அப்பா ரோஷமாக.

"அதான் உங்க தேயிலைக்குக் காயும் இல்ல, மணமும் இல்ல."

"அதைக் குடிக்காம நீங்க ஒருநாள் இருப்பியளா?"

எஸ்தரம்மா சிரித்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் உலர்ந்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"தள்ளுத்தா" என்று என்னை ஒதுக்கிவிட்டு, கூரையில் செருகியிருந்த வாக்கத்தியை எடுத்தார். ஏலக்காட்டில் புதர் வெட்டுகிற வளைந்த கத்தி. மண்ணை உதறி, கிழங்கு எங்கே ஒடுங்குகிறது என்று பார்த்து, ஒரே வெட்டு. சீவியது மாதிரி பிரிந்தது. இரண்டு பக்கத்திலும் வேர் இருந்தது, இரண்டு பக்கத்திலும் இலை இருந்தது, எல்லா இலையிலும் கரை இருந்தது.

"வெட்டு வாய் காயட்டும். ரெண்டு நாள் தண்ணி ஊத்தாதீங்க அத்தை" என்றேன்.

"சரி, நர்சரிக்காரி" என்றார்.

ஒன்று பெரிய பாதி, ஒன்று சின்னது. சின்னதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பெரியதை அப்பாவிடம் தள்ளினார்.

"பெருசை நீங்களே கொண்டு போங்கண்ணே. இவ இங்க வந்த பிறகு உங்க சன்னல் வெறிச்சுன்னு இருக்கும்ல."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார்.

எஸ்தரம்மா வாக்கத்தியைச் சாக்கில் துடைத்தபடி என்னைப் பார்க்காமலே சொன்னார். "நின்னுக்கிட்டே இருக்காத. உள்ள போயி எல்லாருக்கும் சாயா போடு. சீனி டப்பா எங்க இருக்குன்னு நீ தெரிஞ்சுக்கிற வேண்டாமா?"

கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அடுப்படியில் ஆசீர் இருந்தார். வெளியே நடந்ததையெல்லாம் அங்கேயிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அடுப்பு ஏற்கனவே எரிந்தது, கேத்தலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒதுங்கி வழி விட்டார்.

சீனி டப்பா மேல் தட்டில் இருந்தது. எக்கிப் பார்த்தேன், எட்டவில்லை. அவர் நான் கேட்பேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

"எடுத்துத் தாங்க" என்றேன்.